ஐந்து பாலம் தாண்டும் வயது

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 12 கிலோமீட்டர் போல இருக்கும். அதற்குள் ஐந்து பாலம் வந்துவிடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. காலை எட்டு மணிக்கு இந்தச் சாலையில் போகிற நகரப் பேருந்துகளில் பெரியவர்களுக்கு இடம் கிடைக்காது. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடைகள், தோளில் தொங்கும் கனத்த பைகள், படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் பையன்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். கண்டியூரிலும் அம்மன்பேட்டையிலும் இன்னும் பத்துப் பேர் ஏறுவார்கள். 13 வயதிலிருந்து 17 வயதுவரை ஒரு வண்டி நிறைய.

அந்த வண்டியில் போகும்போதெல்லாம் எனக்கு அக்காவின் நினைவு வரும். இந்த வயதில் அக்கா ஒரு பாலத்தைக்கூடத் தனியாகத் தாண்டியதில்லை.

1969-ல் அக்காவுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. தை மாதம் பெரியவளானாள். பதினாறு நாள் தனியாக உட்கார வைத்தார்கள், மஞ்சள் நீராட்டினார்கள், தாய்மாமன் வீட்டுச் சீர் வந்தது. சடங்கு முடிந்த மறுநாள் அவளுடைய மஞ்சள் பை ஆணியிலிருந்து பரணுக்குப் போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை, அவளும் அழவில்லை. "படிச்சது போதும்" என்று யாரும் சொன்னதாகக்கூட நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத செய்தி அது. பிறகு நான்கு வருடம் தாவணி. அந்த நான்கு வருடமும் அடுப்படி, கொல்லை, கிணற்றடி. 17-ல் கல்யாணம். நான் அப்போது சின்னவள். காலம் கொஞ்சம் நகர்ந்துவிட்டதால் எனக்குப் பை பரணுக்குப் போகவில்லை. அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். அந்த ஆறு வருடத்துக்குள் என்ன நடந்தது என்று யோசித்து யோசித்துத்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன்.

அக்காவின் வயதையொத்த இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் நிலபுலம் உள்ள வீடு ஒன்று. அந்த வீட்டு மாடுகளை மேய்த்தவன் சேரியிலிருந்து வந்த பையன். ஒன்பது வயதில் மாட்டுக்கு வந்தான். 14-ல் ஏர் பிடித்தான். அவனுடைய அப்பாவும் அதே பண்ணையில்தான் வேலை. 40 வயது அப்பனையும் 14 வயது மகனையும் அந்த வீட்டுக் குழந்தைகள்கூட ஒரே மாதிரி, "டேய்" என்றுதான் கூப்பிடும். ஒரு மனிதன் எந்த வயதிலும் பெரியவனாக ஆகவே முடியாத ஓர் ஏற்பாட்டில், சிறுபிள்ளைக்கும் பெரியவனுக்கும் நடுவே ஒரு பருவம் எங்கிருந்து முளைக்கும்? பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கென்றே 1952-ல் வந்திருந்தது. காகிதத்திலிருந்து அது மாட்டுக்கொட்டகைக்கு வர ரொம்ப நாளாயிற்று.

பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாட்டுத் துறையில் பேராசிரியராக இருந்த டி. எஸ். சரஸ்வதி, 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் வளரிளம் பருவம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது அது வெறும் கற்பனையா, இல்லை இப்போதுதான் உருவாகி வருகிறதா என்பது அவருடைய கேள்வி. மேற்கத்திய உளவியல் நூல்கள் அதை உலகத்துக்கே பொதுவான பருவமாகப் பேசிவந்தன. 1904-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் அந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமாக இரண்டு பெரிய தொகுதிகளில் எழுதினார். அது அப்படியே பாடமாயிற்று. சரஸ்வதி நம் வீடுகளைப் பார்த்தார். ஏழை வீட்டில், அதிலும் பெண் பிள்ளைக்கு, குழந்தைப் பருவம் நேரே பெரியவர் வாழ்க்கைக்குள் தொடர்ந்து போய்விடுகிறது, நடுவில் பிரித்துக் காட்டத்தக்க ஒரு கட்டம் இல்லை என்றார். நீண்ட படிப்பும் காத்திருக்க வசதியும் உள்ள வர்க்கங்களில்தான் அந்தப் பருவம் தெளிவாகத் தலைகாட்டுகிறது என்பது அவர் கணிப்பு.

அந்தக் கட்டுரையின் சாரத்தை அக்காவிடம் சொன்னேன். "இதுக்கு பரோடா வரைக்கும் போகணுமா? எனக்கு எங்கடி அந்த வயசு இருந்துச்சு" என்றாள்.

தமிழில் வயதுக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு. அக்காவின் பை பரணுக்குப் போன வயதுக்கு மங்கை என்று பெயர், தாவணிக் காலத்துக்கு மடந்தை. ஆனால் உலா இலக்கியத்தில் இந்த ஏழு பருவத்தாரும் எதற்காக வருகிறார்கள்? வீதியில் உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்குவதற்காக. அந்தப் பெண் தனக்காக என்ன நினைத்தாள், எதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. பெயர் இருந்தது, இடம் இல்லை.

ஆண் பிள்ளைகளில் சிலருக்கு இடம் இருந்தது. உ. வே. சாமிநாதையருக்கு 1868-ல் கல்யாணம் நடந்தபோது 13 வயது. ஆனால் அதன் பிறகுதான் அவருடைய உண்மையான படிப்பு தொடங்குகிறது. 1871-ல் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது 16 வயது. தமிழ் படிக்க வேண்டும் என்ற தவிப்பு, அப்பாவின் தயக்கம், ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா என்ற பயம் இவற்றையெல்லாம் அவர் தன் வரலாற்றில் எழுதியிருப்பதைப் படித்தால், உள்ளுக்குள் அந்தப் பருவம் முழுதாக இருந்தது தெரியும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பெரியவர் கிடைத்தார். அவர் அப்பா இல்லை, தேர்வாளரும் இல்லை. கூடவே உட்கார்ந்து, கூடவே ஊர் ஊராகப் போய், பையன் சாப்பிட்டானா என்று கவலைப்பட்டவர். இந்தக் காவிரிக்கரையில் சங்கீதமும் நாகஸ்வரமும் நாட்டியமும் அப்படித்தான் கைமாறின. குருவின் வீட்டிலேயே தங்கி, வேலை செய்து, கேட்டுக் கேட்டுக் கற்றார்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளையும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. அதைச் சொல்லாமல் குருகுலத்தைப் புகழ எனக்கு மனம் வராது. மாடு மேய்த்த அந்தப் பையனுக்கு எந்த மகாவித்துவான் கிடைத்திருப்பார்?

பரீட்சை என்பது டெல்டாவுக்குள் வந்து, ஒரு பிள்ளையின் வயதோடு மோதிய முதல் பெரிய சம்பவம் என்று நான் நினைப்பது கும்பகோணத்தில் நடந்தது. சீனிவாச ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை போயிற்று. 1905 ஆகஸ்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பெற்றோர் பதறித் தேடினார்கள். திரும்பி வந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. இந்தக் கதையைக் கணித மேதையின் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது அவமானத்தைத் தாங்க முடியாமல் ஊரைவிட்டு ஓடிய ஒரு பதின்வயதுப் பையனின் கதை. பிறகு அவரைத் தூக்கிவிட்டது கல்லூரி இல்லை. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர், கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அவரை வாங்கிக் கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை உள்ள பெரியவர்கள்.

திருவையாற்றிலேயே படிப்பின் கதவு திறந்த விதத்துக்கு அரசர் கல்லூரி ஒரு சாட்சி. தஞ்சை மராட்டிய அரசர்களின் சத்திரத்து வருமானத்தில் நடந்த கல்லூரி. வடமொழி மட்டும் கற்பித்தது. ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் போன்றவர்களின் முயற்சியில் அங்கே தமிழும் வந்தது. புலவர் படிப்புக்கு உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சத்திரத்துச் சொத்தைக் கொண்டு ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. விடுதி என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் 13 வயதுப் பையனைக் களத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது. சோறு போட்டுத் தள்ளி வைத்தால்தான் அவனுக்கு அந்த வயது கிடைக்கும்.

1961-ல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கினார். ஊரின் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று எழுதினார். அக்ரகாரத்தில் தங்கியதால் தன்னை ஊர் அந்தத் தெருக்காரராகவே பார்த்தது, சேரிக்குள் நினைத்தபடி போய்வர முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த காலம் மாறி, அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வருவதை அவர் கண்டார். படிப்பும் வேலையும் தேடி அக்ரகாரம் நகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. 1965-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதே 1965-ல் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியது. குருவின் வீட்டில் பிறப்பைப் பார்த்துக் கிடைத்த சங்கீதம், விண்ணப்பப் படிவம் நிரப்பினால் கிடைக்கும் படிப்பாயிற்று. அதே வருடம் மே மாதம், அமெரிக்காவில் ஸ்வாம்ப்ஸ்காட் என்ற கடலோர ஊரில் உளவியலாளர்கள் கூடி, உளவியலின் ஒரு புதிய கிளைக்கு வித்திட்டார்கள். மனச்சிக்கலை ஒரு மனிதருடைய தலைக்குள் மட்டும் தேடாமல் அவர் வாழும் தெரு, பள்ளி, வேலை, உறவு என்று வெளியே தேட வேண்டும் என்பது அதன் அடிப்படை. சமுதாய உளவியல் என்று இங்கே அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் துறையில் எனக்கு மிகவும் பயன்பட்டவர் எட்வர்ட் சீட்மன். 1994-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு பால்டிமோர், வாஷிங்டன், நியூயார்க் நகரங்களின் ஏழைப் பிள்ளைகளைப் பற்றியது. தொடக்கப் பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு மாறும் அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். தன்னைப் பற்றிய மதிப்பு குறைந்தது, மதிப்பெண் குறைந்தது, பள்ளி தங்களுக்குத் துணை என்ற எண்ணமும் குறைந்தது. கறுப்பர், வெள்ளையர், ஸ்பானிய வம்சாவளியினர் என்ற வேறுபாடு இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. எல்லோரையும் ஒரே மாதிரி சரித்த மாற்றம் அது. பையன் கெட்டுப்போய்விட்டான், பெண்ணுக்கு வயதுக் கோளாறு என்று நாம் முடிவு கட்டும் இடத்தில் அவர், அந்தப் பிள்ளை எந்தக் கட்டடத்திலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போயிற்று என்று கேட்டார்.

இதை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரை ஒரு பிள்ளை. அங்கே ஆசிரியருக்கு அதன் அப்பாவைத் தெரியும், ஆட்டுக்குட்டி செத்தது தெரியும், அம்மா நடவுக்குப் போன நாள் தெரியும். ஒன்பதாவதுக்குத் திருவையாற்றுக்கு வருகிறது. ஒரு வகுப்பில் ஐம்பது பேர், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெயர் தெரியவே ஒரு பருவம் ஆகிவிடும். அதே வருடம்தான் உடம்பும் மாறுகிறது, குரலும் மாறுகிறது. பத்தாவது முடிந்தால் மறுபடி ஒரு பள்ளி, இந்த முறை தஞ்சாவூர், ஐந்து பாலம். அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் அதற்கு அதன் குணம் காரணமா?

எனக்கும் அக்காவுக்கும் நடுவே நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்யாண வயது ஒன்று. 1929-ன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது, 1978-ல் அது 18 ஆயிற்று. அதே 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யூ.சி., அதாவது 16 வயதில் கல்லூரி மாணவர். வேட்டி கட்டிக்கொண்டு போவார்கள், பேராசிரியர் "வாங்க" என்பார். பிளஸ் டூ வந்ததும் அதே 16 வயது மறுபடி சீருடைக்குள் வந்தது. இதனால் நன்மையே அதிகம். கல்லூரி தூரத்தில் இருக்கும், பள்ளி பக்கத்தில் இருக்கும். பெண் பிள்ளைகளை இன்னும் இரண்டு வருடம் நிம்மதியாக அனுப்ப முடிந்தது. அந்த இரண்டு வருடம் எத்தனையோ பெண்களுடைய கல்யாணத்தைத் தள்ளிப் போட்டது. நானே அதற்கு உதாரணம். ஆனால் அந்த வயதுக்குக் கிடைத்திருந்த ஒரு சிறு மரியாதை அப்போது காணாமல் போனதையும் நான் கவனித்தேன்.

மற்றவை எல்லோரும் அறிந்தவை. காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் விரிந்த சத்துணவு, இலவசப் பேருந்து அட்டை. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு முதலில் வந்து பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த சைக்கிள். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வேன். சேரித் தெருவிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் கிளம்பி, அக்ரகாரம் வழியாக, மணி அடித்துக்கொண்டு பள்ளிக்குப் போன காலையை நான் பார்த்திருக்கிறேன். பெத்தே நினைத்தபடி கடக்க முடியாத தூரத்தை அவள் ஐந்து நிமிடத்தில் கடந்தாள். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுதும் போராடிய, இதே டெல்டாவின் மகள் அவர். சிறுமிகள் பொட்டுக் கட்டப்பட்ட மண்ணில் அந்தப் பெயரில் பணம் வருவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆக, அந்த வயது இப்போது டெல்டாவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்துவிட்டது. மாடு மேய்த்தவனின் பேரனுக்கும் கிடைத்துவிட்டது. சரஸ்வதி உருவாகி வருகிறதா என்று சந்தேகத்தோடு கேட்டது எங்கள் கண்முன்னே உருவாகிவிட்டது. என் மனக்குறை, கிடைத்ததை நாம் என்ன செய்தோம் என்பதில்தான்.

2002-ல் சுமன் வர்மா, ரீட் லார்சன் முதலானோர் சண்டிகரில் நடுத்தர வர்க்கத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வாரம், அலாரம் அடிக்கும்போதெல்லாம் அந்த நிமிடம் என்ன செய்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதி வைத்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு படிப்புக்குப் போயிற்று. படிக்கும்போதுதான் மனம் வாடியிருந்தது. இதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: மேற்கத்தியப் பிள்ளைகளைப் போல நம் பிள்ளைகள் இந்த வயதில் குடும்பத்தை விட்டு விலகுவதில்லை. வீட்டோடு இருக்கும் நேரம் அவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல நேரமாக இருந்தது. புயல், கொந்தளிப்பு என்று ஹால் எழுதியது இங்கே அப்படியே பொருந்தவில்லை.

அந்த நல்ல நேரத்தைத்தான் நாம் டியூஷனுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காலை ஐந்தரைக்கு ஒரு டியூஷன், மாலை ஆறுக்கு ஒரு டியூஷன். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. முன்பு பிள்ளைகள் வயலில் பாடுபட்டது கொடுமை, அது போனது நல்லது. ஆனால் வயலோரத்தில் ஒரு பாட்டியிடம் எதையாவது கேட்டு, ஒரு சித்தப்பாவுடன் வாய்க்கால் வெட்டி, பெரியவர்களுக்கு நடுவே பயனுள்ளவனாக நிற்கும் சந்தர்ப்பமும் கூடவே போய்விட்டது. அப்பா திருப்பூரில் அல்லது சிங்கப்பூரில், அம்மா நூறு நாள் வேலையில். பிள்ளைக்கு மிஞ்சுவது கைபேசியும் மதிப்பெண்ணும்தான். 2017-ல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. அதே வருடம் நீட் தேர்வு வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம் குழுமூரில், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அனிதா மருத்துவம் கிடைக்காமல் செப்டம்பர் 1-ல் தன் உயிரை விட்டாள். அவளுக்கும் 17 வயது. விசாகப்பட்டினம் ரயிலில் ஏறிய கும்பகோணத்துப் பையனின் வயது. அவனுக்குத் திரும்பி வர நேரம் இருந்தது, திரும்பி வந்தபின் நோட்டைப் பார்க்க ஆள் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

பள்ளிகளில் ஆலோசகர் வேண்டும், கட்டாயம் வேண்டும். 14417 என்ற கல்வி உதவி எண் வகுப்பறைச் சுவர்களில் எழுதியிருக்கிறது, நல்லது. ஆனாலும் சீட்மன் போன்றவர்கள் கற்பித்தது இன்னும் எளிமையானது: ஒன்பதாம் வகுப்பில் புதிதாக நுழையும் பிள்ளையின் பெயரை முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். மாலை டியூஷன் முடிந்து அவள் வரும் பேருந்துக்காக அக்கா ஏழே முக்காலுக்கே கடைத்தெரு நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். கையில் தூக்குச்சட்டி, அதில் சுண்டலோ கொழுக்கட்டையோ. முதலில் பேத்திக்கு மட்டும்தான் கொண்டு போனாள். பேத்தியின் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்தார்கள், பிறகு வேறு பள்ளிப் பையன்கள் இரண்டு பேர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் எதுவும் கேட்பதில்லை. அவர்களாகவே சொல்கிறார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் திட்டியது, அப்பா போன் எடுக்காதது, ஒருத்தி நேற்று சாப்பிடாதது. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். மெலிந்த பையன் ஒருவன் வண்டியைவிட்டு இறங்கி, நேரே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பாட்டி, நான் கணக்குல ஃபெயிலு."

"சரி, சாப்பிடு. நோட்ட எடு பாக்கலாம்."

அவள் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் நீட்டிய நோட்டை டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.